வலது கையும் நாப்பத்தொண்ணும்

என் கைக்கு ராசி உண்டுன்னு முதல்ல சொன்னது நான் இல்ல. நான் அதை மறுக்கவும் இல்ல, அது வேற விஷயம்.

அஞ்சு மாசமா எங்க ஆய்வுக்கூடத்துல அதுதான் பேச்சு. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரோட தங்கச்சி, மாடியில வேதியியல் அறையில மருந்து செய்யறவ. நான் கீழ்த்தளத்துல உயிரணு வளக்கறவ. அவ செய்யற மருந்தை உயிரணு மேல விட்டு, என்ன ஆகுதுன்னு பாத்துச் சொல்றது என் வேலை. அவ என்னை அண்ணின்னு கூப்பிடுவா. அதைக் கேட்டுக் கேட்டு மத்தவங்களும் அண்ணின்னாங்க. எங்க தலைவருக்கு அறுபது வயசு, நாங்க அவரைப் பெரியவர்னு சொல்லுவோம். அவருகூட "அண்ணி, தட்டு ரெடியா?"ன்னுதான் கேப்பாரு. இருபத்தொரு வருஷ சர்வீஸ்ல எனக்குக் கிடைச்ச ஒரே பதவி உயர்வு அதுதான்.

நாங்க என்ன செய்யறோம்னு முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா பாதியில கொட்டாவி விடுவீங்க. ஒவ்வொரு உயிரணுக்குள்ளயும் மரபணு ஆயிரக்கணக்குல இருக்கு. எல்லாம் ஒரே நேரத்துல எந்திரிச்சு வேலை பாத்தா சந்தைக்கடை ஆயிடும். எதை எழுப்பணும், எதைத் தூங்க விடணும்னு பாத்துக்கறதுக்குன்னே சில புரதங்க இருக்கு. அதுல ஒருத்தன்தான் எங்க ஆளு. அவனுக்கு நாங்க வச்ச பேரு சோம்பேறி. அவன் பாட்டுக்கு ஒரு ஓரமா சும்மா கிடப்பான். அவன் உடம்புல ஒரு குழி இருக்கு. அளவு சரியா இருக்கற ஒரு சின்ன மூலக்கூறு வந்து அந்தக் குழியில உக்காந்தாத்தான் துரை நிமிருவாரு. உடம்பை முறுக்கிக்கிட்டு எந்திரிச்சு, உட்கருவுக்குள்ள போயி, மரபணு மேல உக்காந்து அதை எழுப்பி விடுவாரு. குழிக்கு யாரும் வரலேன்னா அவரும் எந்திரிக்க மாட்டாரு.

அவன் எந்திரிச்சானா இல்லையான்னு தெரியணுமே? அதுக்காக, அவன் எழுப்புற இடத்துல மின்மினிப் பூச்சியோட வெளிச்ச மரபணு ஒண்ணை ஒட்டி வச்சிருக்கோம். சோம்பேறி எந்திரிச்சா உயிரணு வெளிச்சம் விடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒரு மிஷின் இருக்கு, சின்னச் சின்னப் பள்ளத்துல உயிரணு வளர்ற தட்டை அதோட இருட்டுப் பெட்டிக்குள்ள வச்சா எண்ணிச் சொல்லும். காலையில மருந்து விட்டா சாயந்தரம் எண்ணிக்கை வந்துடும்.

சோம்பேறியை எழுப்ப ஏற்கனவே மருந்து இருக்கு. ஸ்டீராய்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வீக்கத்தை நல்லா அடக்கும், ஆனா நாள்பட்டா எலும்பை அரிக்கும், தோலை மெலிய வைக்கும். அந்த உபத்திரவம் இல்லாம அவனை எழுப்புற ஒண்ணைச் செய்யணும்னு நாத்தனார் மூணு வருஷமா மாரடிச்சுக்கிட்டு இருந்தா. நாப்பது செஞ்சா. நாப்பதும் பல்லிளிச்சுது. நாப்பத்தொண்ணாவது வெளிச்சம் விட்டுச்சு.

ஆனா என் கையால விட்டாத்தான் விட்டுச்சு. நாத்தனாரே விட்டுப் பாத்தா, ஒண்ணும் இல்ல. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவரே உக்காந்தாரு, ஒண்ணும் இல்ல. நான் விட்டா எண்ணிக்கை ஒம்பதாயிரம். "அண்ணிக்குக் கைராசி"ன்னு அன்னைக்குத்தான் ஆரம்பிச்சாங்க. நாத்தனார் அவ நோட்டுல 'அண்ணி கையில் மட்டும்'னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டா. நானும் பவுசா நடந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

நாப்பத்தொண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம். குழாய்க்கு அடியில மணல் மாதிரி படிஞ்சு கிடக்கும், லேசுல கரையாது. உடம்புச் சூட்டுக்கு மேல காட்டினா கெட்டுப் போயிடும். மத்தவங்க வெந்நீர்த் தொட்டியில அரை மணி நேரம் வச்சுக் கரைப்பாங்க. எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? வலது கை உறையைக் கழட்டிட்டு, குழாயை உள்ளங்கையில பொத்திக் குலுக்குவேன். ரெண்டே நிமிஷம், கரைஞ்சுடும். அப்படியே கட்டைவிரலால மூடியை நெம்பித் திறந்து, மறுபடி உறை மாட்டிக்கிட்டு உயிரணு இருக்கற உள்ளறைக்குப் போவேன். 'கையுறை இல்லாமல் எதையும் தொடாதே'ன்னு அந்த வெளி அறைச் சுவத்துல பலகை எழுதி மாட்டினதே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு திங்கக்கிழமை பெரியவர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. நாப்பத்தொண்ணை வாங்கி மேல கொண்டு போக ஒரு மருந்துக் கம்பெனி ஆர்வமா இருந்துச்சு. அவங்க வெளியூர்ல ஒரு ஆய்வுக்கூடத்துல ரெண்டு தடவை செஞ்சு பாத்திருக்காங்க. வெளிச்சமே வரலையாம்.

"வெள்ளிக்கிழமை அவங்களே நேர்ல வராங்க. நம்ம அறையில, நம்ம கையால செஞ்சு காட்டணும். வெளிச்சம் வந்தா சரி." பெரியவர் நாத்தனாரைப் பாக்காம மேஜையைப் பாத்துச் சொன்னாரு. "வரலேன்னா மாசக் கடைசியில மாடி அறையை வேற வேலைக்குக் குடுக்கணும்மா. முன்னாடியே சொல்லியிருக்கேன்."

நாத்தனார் முகம் ஒரு நொடி சுண்டிப் போச்சு. அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சா. "அண்ணி கை இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

எனக்குக் கோவம் எல்லாம் வெளியூர்க்காரங்க மேலதான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வரட்டும். வந்து கண்ணாரப் பாக்கட்டும்"னேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில ஒத்திகை பாக்கலாம்னு வெளி அறை மேஜையில ரெண்டு குழாயை எடுத்து வச்சேன். ஒண்ணு நாப்பத்தொண்ணு. இன்னொண்ணு மேல 'வெறும்'னு எழுதியிருக்கும். அதுல மருந்தைக் கரைக்கிற திரவம் மட்டும்தான், மருந்து கிடையாது. மருந்து இல்லாம வெளிச்சம் வரக்கூடாதுன்னு காட்டறதுக்கு அது ஒவ்வொரு தட்டுலயும் போகும். அதைக் கரைக்க வேண்டியதில்ல, உறை போட்ட கையாலயே திறப்பேன். அந்த நேரம் பாத்து வீட்டுக்காரர் போன் பண்ணாரு. அவரு லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவரு.

"ஏம்மா, என் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைப் பாத்தியா?"

"உங்க ஸ்பேனருக்கு நான் என்ன காவலா? இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல."

"அங்க தொங்கிக்கிட்டா தேடறீங்க? பின்பாக்கெட்டைத் தடவிப் பாருங்க."

"அட, ஆமா"ன்னாரு. தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கறது சரியாத்தான் இருக்குன்னு திட்டிட்டு போனை வச்சேன். வச்சுட்டுக் கையைப் பாத்தா, பேச்சு மும்முரத்துல நான் பொத்திக் குலுக்கிக்கிட்டு இருந்தது 'வெறும்' குழாய். நாப்பத்தொண்ணு மேஜையில அடி மண்ணோட அப்படியே கிடக்குது. வெறும் திரவத்தைக் குலுக்கினா என்ன குடி முழுகிப் போகுதுன்னு, நாப்பத்தொண்ணையும் எடுத்துக் குலுக்கி ரெண்டையும் தட்டுல விட்டேன்.

சாயந்தரம் எண்ணிக்கை வந்துச்சு. 'வெறும்' எப்பவும் இருநூறைத் தாண்டாது. அன்னைக்கு முப்பத்தோராயிரம். நாப்பத்தொண்ணு ஆறாயிரம்.

மிஷினைத் திட்டினேன். அணைச்சுப் போட்டு மறுபடி எண்ண விட்டேன். அதே முப்பத்தோராயிரம். எவனோ என் குழாயை மாத்திட்டான்னு கத்தலாம்னு வெளிய வந்தேன். ஆனா அந்த அறைச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. எலி வளையானாலும் தனி வளைன்னு இருபத்தொரு வருஷமா வேற யாருக்கும் அதைக் குடுக்கலையே. அப்புறம் யாரைக் கத்தறது?

ராத்திரி பூரா புரண்டேன். என் கையில ராசி இருந்தா அது நாப்பத்தொண்ணுக்குத்தானே வேலை செய்யணும்? மருந்தே இல்லாத குழாய்க்கு எப்படிச் செய்யும்?

புதன்கிழமை காலையில யாருகிட்டயும் சொல்லாம ஆறு குழாய் எடுத்தேன். ஆறும் 'வெறும்'. ஒண்ணைக் குலுக்கற மிஷின்ல வச்சேன். ஒண்ணை வெந்நீர்த் தொட்டியில. ஒண்ணை உறை போட்ட கையால குலுக்கினேன். ஒண்ணை உறை இல்லாத இடது கையில. கடைசி ரெண்டையும் வலது கையில, ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ணு. தட்டுல விட்டுட்டு சாயந்தரம் வரைக்கும் யாரு முகத்தையும் பாக்காம குழாய் கழுவிக்கிட்டு இருந்தேன்.

முதல் நாலும் இருநூறு. வலது கைக் குழாய் ரெண்டும், ஒண்ணு முப்பதாயிரம், ஒண்ணு இருபத்தெட்டாயிரம்.

மிஷின் பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தேன். இடது கையில இல்லாதது வலது கையில என்ன இருக்குன்னு யோசிச்சேன். இருந்துச்சு. வலது உள்ளங்கை நடுவுல ரூபாய் அளவுக்குச் சிவப்பா ஒரு அரிப்பு. அஞ்சு மாசம் முன்னாடி கையுறை கம்பெனியை மாத்தினப்ப வந்தது. தினம் காலையில கட்டைவிரலால அதுமேல ஒரு க்ரீமைத் தேச்சுக்குவேன். அதே கட்டைவிரலாலதான் குழாய் மூடியையும் திறப்பேன்.

கைப்பைக்குள்ள இருந்து அந்த ட்யூபை எடுத்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்து. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் படிச்சேன். ஸ்டீராய்டு. எங்க ஃப்ரிட்ஜ்ல சிவப்பு லேபிள் ஒட்டி ஒரு புட்டி வச்சிருக்கோம். சோம்பேறியை நிச்சயமா எழுப்பும்னு தெரிஞ்ச சரக்கு, மிஷின் ஒழுங்கா எண்ணுதான்னு பாக்கறதுக்கு. அதோட பங்காளிதான் இந்த க்ரீம்ல இருந்தது. புட்டியைத் தொடறப்ப ரெண்டு உறை போட்டுக்குவேன். அதோட பங்காளியை அஞ்சு மாசமா உள்ளங்கையில தேச்சுக்கிட்டு ராசிக்காரின்னு திரிஞ்சிருக்கேன். இந்தச் சரக்கு கண்ணுக்குத் தெரியாத துளி போதும், சோம்பேறி துள்ளி எந்திரிச்சுடுவான்.

என் கை போனா போகட்டும். மாடியில ஒருத்தி வெள்ளிக்கிழமை காட்ட வரைபடம் போட்டுக்கிட்டு இருக்காளே, அவகிட்ட என்னன்னு சொல்றது? நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா வெள்ளிக்கிழமை வெளிச்சம் வரும். கம்பெனிக்காரங்க கை குலுக்கிட்டுப் போவாங்க. யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்துச்சு, வரலேன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு படி ஏறுற வரைக்கும் இருந்துச்சு. மூணாவது படியில எனக்கே என்மேல அருவருப்பா போச்சு.

நாத்தனார் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தா. என் முகத்தைப் பாத்ததும், "அண்ணனுக்கு ஏதாவதா?"ன்னு எந்திரிச்சா.

"உங்கண்ணன் நல்லாத்தான் இருக்காரு. உக்காரு"ன்னு ட்யூபை அவ மேஜையில வச்சேன். வச்சுட்டு எல்லாத்தையும் சொன்னேன். ஸ்பேனர்ல ஆரம்பிச்சு இருபத்தெட்டாயிரம் வரைக்கும்.

முதல்ல அவ சிரிச்சா. விளையாடறேன்னு நினைச்சுட்டா. அப்புறம் ட்யூபைத் திருப்பிப் பின்பக்கம் படிச்சா. அவளுக்குக் கண்ணாடி தேவைப்படல.

"இதை வாங்கிக் குடுத்ததே நான்தானே அண்ணி."

"ஆமா."

"உங்க கையைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. கடையில கேட்டேன், குடுத்தாங்க, பைக்குள்ள போட்டேன். படிக்கவே இல்ல. பேரைப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமே எனக்கு."

"வீட்டுக்குச் சாமான் வாங்கறப்ப யாருடி மூளையையும் கூட்டிக்கிட்டுப் போறா?"

அவ ட்யூபை மேஜையில நிக்க வைக்கப் பாத்தா, அது விழுந்துச்சு, மறுபடி நிக்க வச்சா. அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டா. "இன்னும் ரெண்டு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா அண்ணி?"

"கூடாது."

"எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்." சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ முகம் கோணி அழுகை வந்துடுச்சு. மூணு வருஷமா நாப்பது தோல்விக்கும் அழாதவ. நான் தோளைத் தொடப் போனேன். "கையை எடுங்க அண்ணி"ன்னா. எடுத்துட்டேன். பஸ்ல தனியாப் போயிட்டா.

நாங்க எல்லாம் ஒரே வீடுதான், அவ மாடி போர்ஷன். அன்னைக்குச் சாப்பிட இறங்கி வரல. வீட்டுக்காரர் கூப்பிடப் போயி, கதவுக்கு வெளியவே நின்னுட்டுத் திரும்பி வந்தாரு.

"என் தங்கச்சியை என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

"நீ எப்பச் சொன்னாலும் அது கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும்"னாரு. நியாயமான பேச்சுத்தான். தட்டுல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்ச கதையா, அவளுக்கு ஆசையையும் காட்டி, அதைப் பிடுங்கவும் செஞ்சது இந்தக் கைதான்.

அப்படி அந்தக் கையையே முறைச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் ஒண்ணு உறுத்துச்சு. செவ்வாய்க்கிழமை நான் 'வெறும்' குழாயை முதல்ல குலுக்கினேன், நாப்பத்தொண்ணை ரெண்டாவது. முப்பத்தோராயிரம், ஆறாயிரம். முதல் குழாய்லயே க்ரீம் பூரா துடைஞ்சு போயிருக்கும், அதனாலதான் ரெண்டாவதுல குறைஞ்சுதுன்னு நானே முடிவு கட்டியிருந்தேன். ஆனா புதன்கிழமையும் அதே கையால ரெண்டு 'வெறும்' குழாயை அடுத்தடுத்துக் குலுக்கினேனே? ரெண்டாவது இருபத்தெட்டாயிரம் வந்துச்சே! அப்ப க்ரீம் தீரல. அதே கை, அதே கட்டைவிரல், அதே க்ரீம். நாப்பத்தொண்ணு இருக்கற குழாய்ல மட்டும் ஏன் ஆறாயிரம்? யோசிச்சுப் பாத்தா இந்த அஞ்சு மாசத்துல நாப்பத்தொண்ணு ஒருநாளும் ஒம்பதாயிரத்தைத் தாண்டினதே இல்ல.

வெளிச்சத்தை அமுக்கறது யாரு?

"எந்திரிங்க, தட்டை எடுங்க"ன்னேன் வீட்டுக்காரர்கிட்ட. அவரு பாதி வாயோட என்னைப் பாத்தாரு. மாடிக்கு ஓடினேன். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. தட்டினேன், திறக்கல. "காலையில ஏழு மணிக்கு என்கூட வர்றே. வரலேன்னா கதவைக் கழட்ட உங்கண்ணன்கிட்ட ஸ்பேனர் இருக்கு"ன்னு கதவுகிட்டச் சொல்லிட்டு இறங்கிட்டேன்.

வியாழக்கிழமை வந்தா. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. நேரா மாடி அறைக்குப் போயி, அட்டைப் பெட்டியில புட்டியை எல்லாம் அடுக்க ஆரம்பிச்சா. நான் பெட்டியைப் பிடிச்சு நிறுத்திட்டு, காலையில பஸ்ல அவ சொல்ல விடாததை அங்க நின்னு சொன்னேன்.

"நாப்பத்தொண்ணு சோம்பேறியை எழுப்பல. அது செத்த கணக்கு, விட்டுடு. ஆனா குழியில போயி உக்காருதோ என்னவோ. உக்காந்துக்கிட்டு, எழுப்பாம, எழுப்ப வர்ற ஸ்டீராய்டுக்கும் எடம் விடாம வழியை அடைக்குது. பஸ்ல ஜன்னல் சீட்டுல ஒருத்தன் உக்காந்து தூங்கினா இன்னொருத்தன் எப்படி உக்காருவான்?"

அவ கையில புட்டியோட நின்னா. நின்ன நிலையிலயே கணக்குப் போடறது கண்ணுல தெரிஞ்சுது. "நாம மூணு வருஷமா எது வெளிச்சம் விடுதுன்னு மட்டும்தானே பாத்தோம்"னா.

"ஆமா. எது அணைக்குதுன்னு ஒரு நாளும் பாக்கல."

"சில பேருக்கு சோம்பேறியை எழுப்புற ஸ்டீராய்டு ஹார்மோனை உடம்பே அளவுக்கு மீறிச் சுரக்கும் அண்ணி. முகம் ஊதி, எலும்பு பலமில்லாமப் போயி... அவங்களுக்குக் குழியை அடைக்கிற மருந்துதான் வேணும்." அவ புட்டியை மெதுவா மேஜையில வச்சா. "ஆனா உங்க கட்டைவிரல்ல எவ்வளவு க்ரீம் இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அளந்து செய்யணும்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ செய்யி. என் கை இதுல படவே கூடாது."

என் அறைச் சாவியை அவ கையில குடுத்தேன். இருபத்தொரு வருஷத்துல முதல் தடவை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு உக்காந்தேன். அவ தட்டுல எல்லாப் பள்ளத்துலயும் சிவப்பு லேபிள் ஸ்டீராய்டை அளந்து ஒரே அளவு விட்டா. அது மேல நாப்பத்தொண்ணை, வெந்நீர்த் தொட்டியில கரைச்சது, வரிசைக்கு வரிசை கூட்டிக்கிட்டே போனா. கடைசி ரெண்டு வரிசையில நாப்பத்தொண்ணை அப்படியே வச்சுட்டு ஸ்டீராய்டைக் கூட்டினா. ரெண்டு பேரும் ஒரே குழிக்குத்தான் அடிச்சுக்கறாங்கன்னா, ஸ்டீராய்டு கூட்டம் அதிகமானா வெளிச்சம் திரும்பணும். நாப்பத்தொண்ணு உயிரணுவையே கொன்னு போட்டிருந்தா எவ்வளவு கூட்டினாலும் திரும்பாது. அவ கை மெதுவா, பயந்து பயந்து போச்சு. சொட்டை இப்படியா விடறதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டேன்.

சாயந்தரம் நாலரைக்கு மிஷின் தட்டை உள்ள இழுத்துக்கிச்சு. அவ என் தோள்பட்டைக்குப் பின்னாடி நின்னு, பாக்க மாட்டேன்னு கண்ணை மூடிக்கிட்டா.

"வாசிங்க அண்ணி."

"நாப்பதாயிரம்."

"ம்."

"முப்பத்தாறாயிரம். இருபத்தேழு." என் குரலே எனக்குப் புதுசா இருந்துச்சு. "பதினாலு. அஞ்சாயிரம். ஆயிரத்து நூறு. நானூறு!"

"கடைசி ரெண்டு வரிசை?"

"பன்னெண்டாயிரம். முப்பத்தஞ்சாயிரம். திரும்பி வந்துடுச்சுடி! உயிரணு உசுரோடதான் இருக்கு, ஒரே குழிதான்!"

எண்ணிக்கை இறங்கினதுக்கு நாங்க ரெண்டு பேரும் குதிச்ச குதியில பெரியவர் பதறிக்கிட்டு ஓடி வந்தாரு. எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு நினைச்சாராம். அவருகிட்டயும் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னோம். க்ரீம் வந்த இடத்துல அவரு தலையில கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாளைக்கும் இதே மாதிரி முதல்ல இருந்து சொல்லுங்க. நல்லதை முன்னாடி சொல்லிட்டு க்ரீமைப் பின்னாடி சொல்ற வேலை வேணாம்"னாரு. பெரியவர் பெரியவர்தான்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில இருந்து ஒரு அம்மா வந்தாங்க. நரைச்ச முடியைக் கட்டையா வெட்டிவிட்டு, சிரிப்புன்னா என்ன விலைன்னு கேக்கற முகம். கூட ஒருத்தர் குறிப்பெடுக்க. நாத்தனார் எந்திரிச்சு, "நாப்பத்தொண்ணு சோம்பேறியை எழுப்பாது. நாங்க இத்தனை நாள் காட்டின வெளிச்சம் தப்பு"ன்னு ஆரம்பிச்சா. நான் பக்கத்துல நின்னு என் உள்ளங்கையை விரிச்சுக் காட்டினேன்.

"அப்ப எங்களை எதுக்கு வரச் சொன்னீங்க?"ன்னாங்க அந்த அம்மா.

நாத்தனார் குரல் கொஞ்சம்கூட நடுங்கல. "அது குழியில உக்காருது, எழுப்பல. வேற யாரையும் உக்கார விடல. நாங்க சொல்லி நம்ப வேணாம். நீங்களே உங்க கையால செஞ்சு பாருங்க. தொட்டியில கரைச்சு வச்சிருக்கோம், உறை அங்க இருக்கு."

அந்த அம்மா தட்டைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சோ. முதல் வரிசையில ஒரு பள்ளத்துல பாதி வெளிய சிந்திடுச்சு. எனக்குப் பாக்கவே உயிர் போச்சு. "மெதுவாம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன்.

சாயந்தரம் எண்ணிக்கையை அவங்களே வாசிச்சாங்க. சிந்தின பள்ளத்தை விட்டுட்டா, நாப்பதாயிரத்துல இருந்து நானூறு வரைக்கும் வரிசையா இறங்குச்சு. கடைசியில ஸ்டீராய்டைக் கூட்டின இடத்துல மறுபடி ஏறுச்சு. அவங்க ஒரு தடவை வாசிச்சுட்டு, இன்னொரு தடவை வாய்க்குள்ளயே வாசிச்சாங்க.

"எங்க ஊர்லயும் இதையே செஞ்சு பாக்கறோம். வந்துதுன்னா மேல பேசலாம். மூணு மாசம் ஆகும்"னாங்க. பெரியவர் உடனே, "அதுவரைக்கும் மாடி அறை மாடி அறைதான்"னாரு. நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினா. பேசினா அழுதுடுவான்னு எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது அந்த அம்மா திரும்பி, "யாருக்கோ கைராசின்னு கடிதத்துல எழுதியிருந்தீங்களே, அவங்க யாரு?"ன்னு கேட்டாங்க. பெரியவர் கூரையைப் பாத்தாரு.

"நான்தாம்மா. ஆனா அது போயிடுச்சு"ன்னேன்.

அந்த முகம் அப்பத்தான் முதல் தடவையா சிரிச்சுது.

அவங்க போனதுக்கு அப்புறம் நாத்தனார் நோட்டை எடுத்தா. 'அண்ணி கையில் மட்டும்'கற வரியை ஒரே கோட்டுல அடிச்சா. அதுக்குக் கீழ, 'யார் கையிலும்'னு எழுதினா. கொஞ்சம் வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். அஞ்சு மாசம் ராசிக்காரியா இருந்தவளாச்சே. ஆனா அவ அந்த எழுத்துக்கு அடியில ரெண்டு கோடு போட்டப்ப, நானே பெத்த பிள்ளை பேரு எடுத்த மாதிரி நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

நோட்டை மூடிட்டு அவ என் வலது கையைப் பிடிச்சு இழுத்துத் திருப்பினா. ரெண்டு நாளா க்ரீம் போடாததுல அந்தச் சிவப்பு முன்னைவிடப் பெருசாயிருந்துச்சு.

"அண்ணி, இது இன்னும் ஆறவே இல்லையே. நாளைக்கு வேற வாங்கிட்டு வரேன்."

"வாங்கு. இந்தத் தடவை பின்னாடி படிச்சுட்டு வாங்கு"ன்னேன்.